மாவு வாங்குவதா, அரைப்பதா? முதல் வாடகை வீட்டுச் சமையலறைக்கு ஒரு கணக்கு

ஹாஸ்டலையோ மேன்ஷனையோ விட்டு வெளியே வந்து, முதன்முதலாகச் சொந்தமாக ஒரு அடுப்பு கிடைத்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். "எல்லாத்தையும் வீட்லயே அரைச்சுக்கோ, கடைல வாங்காதே" என்று ஊரிலிருந்து போன் வரும். சில நிமிடத்தில் வாசலுக்கு வரும் என்று செல்பேசி சொல்லும். முதலாவதைக் கேட்டால் ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சமையலறையில் போய்விடும். இரண்டாவதைக் கேட்டால் மாதக் கடைசியில் கையில் ஒன்றும் இருக்காது. இரண்டுக்கும் நடுவில் கொஞ்ச காலம் திண்டாடிய பிறகு நான் வந்து சேர்ந்த முடிவு இது: காய்ந்த பொருளை வீட்டில் செய்யுங்கள், அரைத்துப் புளிக்க வைக்கும் பொருளுக்கு வீட்டில் எத்தனை பேர் என்று பாருங்கள், கைப்பழக்கம் கேட்கும் பொருளைக் கூசாமல் வாங்குங்கள்.

கீழே வரும் விலைகள் சென்னையில் நான் வாங்கும் கடைகளில் உள்ளவை, தோராயமானவை. உங்கள் தெரு விலையைப் போட்டுக் கணக்கைத் திரும்பப் பாருங்கள்.

1. இரண்டு வாரத்துக்கு எந்தப் பில்லையும் தூக்கிப் போடாதீர்கள்

எதையும் மாற்றுவதற்கு முன் இதுதான் முதல் வேலை. கடைப் பில், செயலியில் உள்ள பழைய ஆர்டர் பட்டியல் இரண்டையும் எடுத்து, பாதி வேலை முடிந்த நிலையில் வாங்கியவற்றை மட்டும் வட்டமிடுங்கள். இட்லி மாவு, அரைவேக்காட்டுச் சப்பாத்தி, இஞ்சி பூண்டு விழுது, சாம்பார் பொடி, துருவிய தேங்காய், நறுக்கிய காய், உரித்த சின்ன வெங்காயம். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எவ்வளவு குப்பைக்குப் போனது என்றும் எழுதுங்கள். விலையைவிட இந்தக் குப்பைக் கணக்குதான் முக்கியம். தனியாக இருப்பவர் வீட்டில் புளித்துப்போன அரைக் கிலோ மாவும், பூஞ்சை பிடித்த விழுதுப் பாட்டிலும்தான் மிகப்பெரிய செலவு.

செயலியில் வாங்குகிறவர்கள் பொருளின் விலையை மட்டும் பார்க்காதீர்கள். கையாளும் கட்டணம், டெலிவரிக் கட்டணம், ஆர்டர் தொகை குறைவாக இருந்தால் அதற்கொரு கட்டணம் எல்லாம் சேர்ந்து 45 ரூபாய் மாவை 80 ரூபாய் ஆக்கிவிடும். அந்தக் கட்டணத்தைத் தவிர்க்க வேண்டும் என்று தேவையில்லாத இரண்டு பொருளைக் கூடையில் போடுவீர்கள் பாருங்கள், அதையும் மாவுக் கணக்கிலேயே எழுதுங்கள்.

2. பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படிக்கப் பழகுங்கள்

முன்பக்கத்தில் "பாரம்பரியச் சுவை", "அம்மா கைப்பக்குவம்" என்று எது வேண்டுமானாலும் இருக்கும். பின்பக்கம்தான் ஆவணம். பார்க்க வேண்டியவை:

எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண். நாட்டின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உணவு விற்பவர்களுக்குக் கொடுப்பது. இது 14 இலக்கம் இருக்கும். 1-ல் தொடங்கினால் உரிமம். 2-ல் தொடங்கினால் சிறு தயாரிப்பாளருக்கான பதிவு. வீட்டில் வைத்து மாவு அரைத்து விற்பவர்களுக்கும் இந்தப் பதிவு வேண்டும். சந்தேகம் வந்தால் அந்த எண்ணை அந்த ஆணையத்தின் ஃபாஸ்காஸ் இணையதளத்தில் போட்டு யாருடையது, இன்னும் செல்லுபடியாகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்.

சேர்பொருள் பட்டியல். அதிக எடையுள்ளது முதலில், குறைந்தது கடைசியில் என்ற வரிசையில்தான் போட வேண்டும். சாம்பார் பொடியில் மல்லி முதலில் வருவது சரி. உப்பு நான்கைந்து பொருளுக்கு முன்னால் நின்றால், நீங்கள் மசாலா விலைக்கு உப்பு வாங்குகிறீர்கள். இஞ்சி பூண்டு விழுதிலும் இதே கண்ணோடு பாருங்கள்.

ஐ.என்.எஸ். எண்கள். உணவில் கலக்கும் சேர்மானங்களுக்கான குறியீட்டு எண்கள் இவை. 211 என்றால் சோடியம் பென்சோயேட், 202 என்றால் பொட்டாசியம் சார்பேட். இரண்டும் கெடாமல் காப்பவை. 330 சிட்ரிக் அமிலம். 415 சாந்தன் பசை, விழுது நீர்த்துப் போகாமல் பிடித்துக்கொள்ள. 500 என்றால் சமையல் சோடா வகை. இவை அனுமதிக்கப்பட்டவைதான், பார்த்ததும் பதற வேண்டாம். ஆனால் "இட்லி மிக்ஸ்" என்று சொல்லும் உலர்ந்த பாக்கெட்டில் சோடாவும் சிட்ரிக் அமிலமும் இருந்தால், அங்கே புளிப்பதே நடக்கவில்லை, அந்த இரண்டும்தான் இட்லியை உப்ப வைக்கின்றன என்று புரிந்துகொள்ளுங்கள். அவசரத்துக்கு ஆகும். தினசரிக்கு எனக்குப் பிடிப்பதில்லை.

கிராம் விலை. எம்.ஆர்.பி.க்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் ஒரு கிராமுக்கு எவ்வளவு என்று போட்டிருப்பார்கள். 200 கிராம் பாக்கெட்டையும் 500 கிராம் பாக்கெட்டையும் ஒப்பிட அது போதும்.

3. இட்லி மாவு: முதலில் ஆள் கணக்கு

எங்கள் பக்கம் தெருக்கடை மாவு கிலோ 45 முதல் 50 ரூபாய். பெயர் பெற்ற நிறுவனங்களின் பாக்கெட் 80 ரூபாயை ஒட்டி.

வீட்டில் அரைத்தால்: இட்லி அரிசி 1 கிலோ 50 ரூபாய், முழு உருட்டு உளுந்து கால் கிலோ 35 ரூபாய், வெந்தயமும் உப்பும் 2 ரூபாய். மேசை கிரைண்டரின் மோட்டார் பெரும்பாலும் 150 வாட் அளவுதான். ஒரு மணி நேரம் ஓடினாலும் கால் யூனிட்டுக்குள் அடங்கிவிடும். வீட்டுக்காரர் சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 10 ரூபாய் வாங்கினாலும் இரண்டு, இரண்டரை ரூபாயைத் தாண்டாது. மொத்தம் 90 ரூபாய். அதில் ஏறக்குறைய 3 கிலோ மாவு கிடைக்கும். ஆக, கிலோ 30 ரூபாய்.

ஒரு கிலோ மாவில் சுமார் 20 இட்லி வரும். தனி ஆளுக்கு வாரத்துக்கு அது போதும். தெருக்கடை மாவோடு ஒப்பிட்டால் உங்களுக்கு மிச்சம் வாரம் 15 முதல் 20 ரூபாய். இதற்காக 4,500 ரூபாய்க்குக் கிரைண்டர் வாங்கி, ஒற்றை அறை வீட்டில் அதற்கு இடமும் தேடுவது வீண் வேலை. தனி ஆள் மாவு வாங்குங்கள். ஊரிலிருந்து வரும் போனுக்கு இந்தக் கணக்கைச் சொல்லிவிடுங்கள்.

மூன்று நான்கு பேர், வாரம் 3 கிலோ ஆகிறது என்றால் கணக்கு மாறும். தெருக்கடை மாவுக்குப் பதில் அரைத்தால் வாரம் 45 முதல் 60 ரூபாய் மிச்சம். கிரைண்டர் விலையை எடுக்க ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு வருடம் ஆகும். 80 ரூபாய்ப் பாக்கெட்டை விட்டு மாறினால் வாரம் 150 ரூபாய். ஏழு மாதத்தில் எடுத்துவிடலாம். எனவே கேள்வி "வீடா கடையா" என்பது மட்டுமில்லை, எந்தக் கடை என்பதும்தான்.

ரேஷன் அட்டை இருக்கிறவர்கள் விலையில்லாப் புழுங்கல் அரிசியை மாவுக்கு வைத்துக்கொள்ளலாம். அப்போது கிலோ மாவு 15 ரூபாய்க்கும் கீழே போகும். ஒரு முறை அரைத்துப் பாருங்கள். அந்த மாதத்து அரிசி நன்றாக இருந்தால் தோசைக்குக் குறையே இருக்காது. அட்டை இன்னும் ஊர் முகவரியில், அப்பா பேரில்தான் இருக்கிறது என்றால் இந்த வழியைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

4. மாவு வாங்குவது என்று முடிவானால்

காலையில் வாங்காதீர்கள், மாலையில் வாங்குங்கள். பெரும்பாலான தெருக்கடைகளில் அன்று அரைத்தது மதியத்துக்கு மேல்தான் வரும். காலையில் இருப்பது நேற்றையது. தேதி ஒட்டாத பிளாஸ்டிக் கவரில் வாங்குகிறீர்கள் என்றால் கடைக்காரரிடம் "எப்போ அரைச்சதுண்ணே?" என்று நேராகக் கேளுங்கள். பதில் இழுத்தால் வேறு கடை.

உப்பிய பாக்கெட்டைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், மாவு புளிக்கும்போது வாயு வரத்தான் செய்யும். ஆனால் பிரிட்ஜுக்கு வெளியே அடுக்கி வைத்து உப்பியிருந்தால் எடுக்காதீர்கள். அது உங்கள் வீட்டுக்கு வரும்போதே தோசைக்குத்தான் ஆகும், மறுநாள் அதற்கும் ஆகாது. அடியிலோ மேலோ இளஞ்சிவப்பாகவோ கறுப்பாகவோ புள்ளி தெரிந்தால், மேலாக வழித்துவிட்டுப் பயன்படுத்துவதெல்லாம் கூடாது. முழுதும் குப்பைக்கு.

புளிக்காத மாவு கிடைத்தால் அதை வாங்குவது லாபம். வேண்டிய அளவை மட்டும் வெளியில் வைத்துப் புளிக்கவிட்டு, மீதியைப் பிரிட்ஜில் போட்டுவிடலாம். முதல் இரண்டு நாள் இட்லி, அடுத்த இரண்டு நாள் தோசை, மிச்சம் இருந்தால் வெங்காயம் போட்டு ஊத்தப்பம். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

5. கிரைண்டர் வாங்குவது என்று முடிவானால்

கடைக்குப் போவதற்கு முன் ஊருக்கு ஒரு போன் போடுங்கள். 2011-க்குப் பிறகு அரசு விலையில்லாமல் கொடுத்த மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறியில் அந்தக் கிரைண்டர் பல வீட்டுப் பரணில் அட்டைப்பெட்டியோடு கிடக்கிறது. சித்தி வீட்டில், பெரியம்மா வீட்டில் விசாரியுங்கள். நீண்ட நாள் ஓடாமல் கிடந்தது என்றால் பெல்ட்டை மாற்றச் சொல்வார்கள், சின்னச் செலவுதான்.

புதிதாக வாங்கினால் 2 லிட்டர் மேசை கிரைண்டர் போதும். 3,500-லிருந்து 6,000-க்கு மேலும் விலை போகிறது. சாய்த்து ஊற்றும் வசதிக்குக் கூடுதல் பணம் கேட்பார்கள். இடுப்பு வலி இல்லாதவர்களுக்கு அது தேவையில்லை, பாத்திரத்தைத் தனியாகக் கழற்ற முடிந்தால் சரி. தேங்காய் துருவி, மாவு பிசையும் கருவி என்று சேர்த்துத் தருவதற்காக விலையைக் கூட்டாதீர்கள். அவை பெட்டியிலேயே இருக்கும்.

கடையை விட்டு வெளியே வரும் முன் கையில் இருக்க வேண்டியவை: பில், உத்தரவாத அட்டை, அதில் கடை முத்திரையும் வாங்கிய தேதியும், மோட்டார் மேல் ஒட்டியுள்ள வரிசை எண் அட்டையில் அதேபோல எழுதியிருக்கிறதா என்ற சரிபார்ப்பு. மோட்டாருக்கு ஒரு காலம், மற்ற பாகங்களுக்கு வேறு காலம் என்று உத்தரவாதம் பிரிந்திருக்கும். விற்பவர் சொல்லும் "அஞ்சு வருஷம் சார்" எதற்கு என்று அட்டையில் காட்டச் சொல்லுங்கள். வெப்பத்தாளில் அடித்த பில் சில மாதத்தில் வெளுத்துவிடும். அன்றே படம் எடுத்து வையுங்கள்.

முதல் முறை ஓட்டும்போது ஒரு பிடி அரிசியை ஊறவைத்து அரைத்துக் கீழே ஊற்றிவிடுங்கள். புதுக்கல்லின் தூள் அதில் வந்துவிடும். சாம்பல் நிறம் தெரிந்தால் இன்னொரு முறை.

கிரைண்டர் வேண்டாம், மிக்ஸியே போதும் என்பவர்களுக்கும் வழி உண்டு. கால் கிலோ அரிசி அளவுக்கு மேல் போகாதீர்கள், ஐஸ் தண்ணீர் விட்டு, இடைவெளி விட்டு அரையுங்கள். மிக்ஸி சூடானால் உளுந்து பொங்காது. தோசை நன்றாக வரும். இட்லியை நான்கு பேருக்கு முன் வைத்துப் பெருமைப்பட முடியாது.

6. அரைக்கும் நாளின் நேர அட்டவணை

மதியம் 2 மணி: 1 கிலோ இட்லி அரிசியை நான்கைந்து முறை கழுவி ஊறப்போடுங்கள். சென்னையில் குழாய்த் தண்ணீர் உப்பாக இருந்தால் கடைசி ஊறலுக்கும் அரைப்பதற்கும் கேன் தண்ணீர்தான்.

மாலை 4 மணி: கால் கிலோ உளுந்து, ஒரு தேக்கரண்டி வெந்தயம். இரண்டு மணி நேரம் போதும். தண்ணீர் ஊற்றிய பாத்திரத்தைப் பிரிட்ஜில் வைத்துவிடுங்கள், அதே குளிர்ந்த நீரைத்தான் அரைக்கும்போது விடப்போகிறோம்.

மாலை 6 மணி: முதலில் உளுந்து. 25 முதல் 30 நிமிடம். தண்ணீரை ஒரேயடியாக ஊற்றாமல் கையளவு கையளவாகத் தெளியுங்கள். ஒரு துளியைத் தண்ணீரில் போட்டால் மிதக்க வேண்டும். முங்கினால் இன்னும் ஐந்து நிமிடம். இங்கே அவசரப்பட்டால் பிறகு எதுவும் செய்ய முடியாது. பிறகு அதே கல்லில் அரிசி, அரை மணி நேரம். மைபோல அரைக்க வேண்டாம். விரலிடுக்கில் தேய்த்தால் மெல்லிய ரவை தெரிய வேண்டும்.

இரவு 7 மணி: உப்புப் போட்டு, கையால் கலக்குங்கள். பாத்திரம் பாதிக்கு மேல் நிரம்பக்கூடாது. வெயில் காலத்தில் 7, 8 மணி நேரத்தில் பொங்கிவிடும். மார்கழியில் 12 மணி நேரமும் ஆகும். ஏப்ரல், மே மாதங்களில் இரவு எழுந்து தண்ணீர் குடிக்கப் போகும்போது ஒரு முறை எட்டிப் பாருங்கள்.

கிரைண்டரை உடனே கழுவுங்கள். காய்ந்த உளுந்து கல்லில் பிடித்தால் அடுத்த நாள் அரை மணி நேரம் அதோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். எல்லாம் சேர்த்து நீங்கள் நின்று செய்யும் வேலை 40 நிமிடம்தான். மற்ற நேரம் அது தானாக ஊறும், ஓடும், புளிக்கும். வீட்டை விட்டு நகர முடியாது என்பதுதான் உண்மையான விலை. மேல்மாடியில் இருக்கிறவர்கள் கிரைண்டருக்கு அடியில் பழைய மிதியடி ஒன்றைப் போடுங்கள். கீழ் வீட்டுக்காரரோடு சண்டை வராது.

அரிசி சரி, நேரம் சரி, ஆனாலும் மாவு பொங்கவில்லை என்றால் உளுந்து பழசு. மலிவாகக் கிடைக்கிறது என்று 5 கிலோ உளுந்து வாங்கி வைக்காதீர்கள்.

7. பொடி வகைகள்: இங்கே வீடுதான் ஜெயிக்கும்

மாவில் தயங்கியவன் இதில் தயங்கமாட்டேன். தனி ஆளுக்கும் இது லாபம். கெடாது, ஒரு முறை செய்தால் இரண்டு மாதம் ஓடும், சுவையும் கடைப் பொடிக்கு எட்டாதது.

அரைக் கிலோ சாம்பார் பொடிக்கு: மல்லி 250 கிராம், நீட்டு மிளகாய் 125 கிராம், துவரம் பருப்பு 50, கடலைப் பருப்பு 50, மிளகு 25, சீரகம் 25, வெந்தயம் 10, விரலி மஞ்சள் 15, நிழலில் காய்ந்த கறிவேப்பிலை ஒரு கைப்பிடி. சுமார் 125 ரூபாய் ஆகும், 100 கிராமுக்கு 25 ரூபாய். கடையில் 100 கிராம் 45-க்குக் குறைந்து கிடைப்பதில்லை.

மொட்டை மாடிச் சாவி வீட்டுக்காரரிடம் இருக்கிறதா? கேட்டு வாங்கி ஒரு நாள் வெயிலில் காயவையுங்கள். முடியாவிட்டால் வாணலியில், எண்ணெய் விடாமல், ஒவ்வொன்றாக, கை சுடும் பதத்துக்கு வறுத்தால் போதும். வெந்தயம் கருகினால் மொத்தப் பொடியும் கசக்கும், அதைக் கடைசியில் தனியாக வறுங்கள்.

அரைக் கிலோவுக்கு மில் தேவையில்லை, மிக்ஸியில் இரண்டு ஈடாக அரைக்கலாம். ஆனால் மஞ்சளை முன்பே உரலிலோ துணியில் சுற்றியோ இடித்துவிடுங்கள், முழு விரலி மிக்ஸி பிளேடை உடைக்கும். மில்லுக்குப் போவது என்றால் மிளகாய், மல்லிக்குத் தனி இயந்திரம் உண்டா என்று கேளுங்கள். உங்களுக்கு முன் யார், என்ன அரைத்தார்கள் என்றும் பாருங்கள்; அவருடைய கரம் மசாலாவில் கொஞ்சம் உங்கள் பையில் வரும். ஒரு கிலோவுக்குக் குறைவாகச் சில மில்லில் வாங்கமாட்டார்கள். அப்படியானால் நண்பரோடு பங்கு போட்டுக்கொள்ளுங்கள்.

பொடி சூடாகத்தான் வரும். அப்படியே டப்பாவில் அடைத்தால் வியர்த்துக் கட்டி பிடிக்கும். செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டும். சுத்தமான வெள்ளைத் துணியில் பரப்பி ஆறவிட்டு அடையுங்கள். இட்லிப் பொடி, பருப்புப் பொடி, ரசப் பொடி எல்லாவற்றுக்கும் இதே கணக்குத்தான்.

8. இஞ்சி பூண்டு விழுது, தேங்காய்

சம எடை இஞ்சியும் பூண்டும், கொஞ்சம் உப்பு, கொஞ்சம் எண்ணெய். தண்ணீர் ஒரு சொட்டும் கூடாது. காய்ந்த கண்ணாடிப் பாட்டில், காய்ந்த கரண்டி, பிரிட்ஜில் சில நாள். அதற்கு மேல் வேண்டுமென்றால் ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்து, கட்டிகளைக் கவரில் போட்டு பிரீசரில் வையுங்கள். நிறம் பச்சையாகவோ நீலமாகவோ மாறினால் பயப்பட வேண்டாம், பூண்டு அப்படி மாறும். ஆனால் எண்ணெயில் ஊறும் பச்சைப் பூண்டை அடுப்பு மேடையில் நாள்கணக்கில் வைக்காதீர்கள், கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாமல் விஷமாகக் கூடியது அது.

வாரத்தில் ஒரு முறைதான் குழம்பு வைப்பேன் என்பவர்கள் விழுதே செய்ய வேண்டாம். அன்றைக்கு நான்கு பல் தட்டிப் போட்டால் முடிந்தது.

தேங்காயை முழுதாக வாங்கி, மொத்தத்தையும் துருவி, ஒரு வேளைக்கு ஆகும் அளவில் சின்னச் சின்னக் கவராகப் பிரித்துப் பிரீசரில் வையுங்கள். ஒரு மாதம் நிற்கும்.

9. தயங்காமல் வாங்க வேண்டியவை

அப்பளம், சேமியா, பெருங்காயம், இடியாப்ப மாவு, பரோட்டா. பரோட்டாவை வீட்டில் வீசிப் பழகுவது பொழுதுபோக்கு, சமையல் இல்லை.

சப்பாத்தி எல்லைக் கோட்டில் நிற்பது. ஒரு கிலோ கோதுமை மாவில் 30 சப்பாத்தி வரும், ஒன்று 2 ரூபாய். அரைவேக்காட்டு பாக்கெட்டில் ஒன்று 6 முதல் 8 ரூபாய். தேய்ப்பதுதான் வேலை என்பதால், அந்த நாலு முதல் ஆறு ரூபாய் நியாயமான கூலி என்றே எனக்குப் படுகிறது. இரவு ஒன்பது மணிக்கு வீடு திரும்புகிறவர் அதைக் கொடுக்கலாம்.

நறுக்கிய காயை மட்டும் வேண்டாம் என்பேன். வெட்டிய முகம் காய்ந்து, அடியில் நீர் விட்டு, விலை இரட்டிப்பு. சின்ன வெங்காயம் உரிக்கச் சோம்பலாக இருந்தால் பத்து நிமிடம் தண்ணீரில் ஊறப்போடுங்கள், தோல் வழுக்கிக்கொண்டு வரும்.

10. கெட்டது வந்துவிட்டால்

பாக்கெட்டைக் கழுவிக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். பிரித்த நிலையிலேயே பொருளையும், பின்பக்கத்தில் உள்ள தொகுதி எண், தேதி, 14 இலக்க எண் மூன்றும் தெரியும்படி லேபிளையும் படம் எடுங்கள். முதலில் வாங்கிய இடத்தில் பில்லோடு கேளுங்கள். பெரும்பாலும் அங்கேயே மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். மறுத்தால், உணவின் தரம் பற்றிய புகாருக்கு எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் ஃபுட் சேஃப்டி கனெக்ட் செயலி, எம்.ஆர்.பி.க்கு மேல் வாங்கினார்கள், பணம் திரும்பவில்லை என்பதற்கு 1915 நுகர்வோர் உதவி எண். இரண்டிலும் பில் உதவும். தெருக்கடைக் கவர் மாவுக்குப் பில்லும் கிடையாது, லேபிளும் கிடையாது, அதனால் அந்தக் கடையை மாற்றுவதுதான் உங்கள் புகார்.